வாட்ச் காட்டும் கூடுதல் துடிப்பும் நம் பதற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வேலைக்காலம் முழுவதும் ஈசிஜி எடுத்தே கழித்தவன் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றால் இந்தக் கோடுகளிடம் இருந்தும் விடுதலை என்று நினைத்திருந்தேன், இப்போதுதான் அதிகமாகத் தேடி வருகின்றன. மஸ்கட்டில் இருந்தும் ஷார்ஜாவில் இருந்தும் லீவுக்கு வரும் பிள்ளைகள் முன்பு கோடாலித் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தார்கள், இப்போது அப்பா அம்மா கையில் ஒரு வாட்சைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அது ஈசிஜி எடுக்கிறது. எடுத்தது மகனுக்குப் போகிறது, மகனிடம் இருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகிறது, அங்கே நர்சிங் படித்த மருமகள் ஒன்று சொல்ல, கூகுள் பார்த்த மச்சான் இன்னொன்று சொல்ல, கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

தட்டட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நான் எழுத வந்த காரணம் வேறு. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோர் காட்டுவது ஒரே விஷயம்தான்: நடுவில் முந்திக்கொண்டு வந்த ஒரு துடிப்பு. அதைப் பார்த்து அட்டாக் வரப்போகிறது என்று கார் பிடித்துத் திருவனந்தபுரம் ஓடுகிறவர்கள் ஒரு பக்கம், உண்மையிலேயே ஓட வேண்டியவர்கள் கேஸ் டிரபிள் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது மறுபக்கம். எல்லாரும் ஈசிஜி சீட்டில் இருக்கும் அந்த ஒரு துடிப்பையே உற்றுப் பார்க்கிறார்கள். அது எப்படிப்பட்ட இதயத்தில் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எங்கள் தெருவில் ரிட்டையரான டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் போனை நீட்டி, "தம்பி, இது அட்டாக்குக்கு முன்னாடி வாறதாக்கும்னு மகன் சொல்லுகான், நெசமா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். 30 விநாடி எடுத்த ஈசிஜி, கட்டம் போட்ட தாளில் மூன்று வரி. முதல் வரியில் ஒரு குறையும் இல்லை. சின்ன மேடு, அப்புறம் கூரான முனை, அப்புறம் கொஞ்சம் பெரிய மேடு, பெரிய கட்டம் நான்கு தாண்டினால் மறுபடியும் அதே. ஒரு பெரிய கட்டம் என்பது 0.2 விநாடி, ஆக 0.8 விநாடிக்கு ஒரு துடிப்பு, நிமிடத்துக்கு 75. இரண்டாவது வரியின் நடுவில் ஒன்று மட்டும் இரண்டரைக் கட்டத்திலேயே வந்துவிட்டது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய சின்ன மேடு இல்லை, உருவமும் அகலமாக, மற்றதோடு சேராமல் இருந்தது. அதன் பிறகு வெறும் கோடு, ஐந்தரைக் கட்டம். அப்புறம் பழையபடி. டீச்சர் கணக்கு எடுத்தவர், அவரையே எண்ணச் சொன்னேன். இரண்டரையும் ஐந்தரையும் எட்டு, நாலும் நாலும் எட்டு. "அப்போ கணக்கு சரியாத்தானே இருக்கு" என்றார்.

சரியாகத்தான் இருக்கிறது. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் நோடு என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, துடிப்புக்கான கட்டளை அங்கிருந்துதான் கிளம்பும். மேலறை சுருங்குவது அந்தச் சின்ன மேடு, கீழறை சுருங்குவது கூரான முனை. சில சமயம் கீழறையில் ஏதோ ஒரு மூலை கட்டளைக்குக் காத்திராமல் தானே முந்திவிடும். நம் டாக்டர்கள் விபிசி என்று எழுதுவது இதைத்தான். அது வழக்கமான பாதையில் போகாமல் தசை வழியாகவே பரவுவதால் நேரம் பிடிக்கிறது, அதனால் அகலம். சைனஸ் நோடு பாட்டுக்குத் தன் நேரத்தில் அடுத்த கட்டளையை அனுப்பும், ஆனால் கீழறை இப்போதுதான் சுருங்கி முடித்திருக்கிறது, அந்தக் கட்டளை வீண். அதற்கடுத்ததுதான் வேலை செய்யும். எட்டுக் கட்டம் எட்டாகவே இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். மேலறையில் இருந்து முந்துவதும் உண்டு, அதை ஏபிசி என்பார்கள். அதில் முனை பெரும்பாலும் மற்றதைப் போலவே ஒல்லியாக இருக்கும், முன்னால் இருக்கும் சின்ன மேடு மட்டும் உருவம் மாறியோ முந்தின துடிப்பின் மேட்டில் மறைந்தோ இருக்கும், இடைவெளியும் சற்றுக் குறைவு.

அப்படியானால் நெஞ்சுக்குள் "டக்" என்று ஒரு தட்டு விழுகிறதே, அது என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். நம் ஊர் மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு முன்பே வந்த வண்டியில் ஏறுவதற்கு ஆள் இருக்காது, அது காலியாகப் போய்விடும். அதற்கடுத்தது தாமதமாக வரும்போது ஸ்டாப்பில் நின்ற கூட்டம் முழுவதும் அதில் ஏறும். முந்திய துடிப்பில் ரத்தம் நிரம்ப நேரம் இல்லை, அதனால் மணிக்கட்டில் நாடி பிடித்தால் அது தெரியாமலே போகலாம், நின்றுவிட்டது என்று தோன்றும். இடைவெளிக்குப் பிறகு வருவது நிறைய ரத்தத்தோடு வருவதால் ஓங்கித் தட்டுகிறது. நீங்கள் உணர்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது துடிப்பை, அதாவது ஒழுங்காக வந்த துடிப்பை. ராத்திரி இடது பக்கம் சரிந்து படுக்கும்போது அதிகம் தெரிகிறது என்பார்கள், இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருகிறது, சுற்றிலும் சத்தமும் இல்லை, வேறொன்றுமில்லை.

இனி மெஷின்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாதிப் பயம் மெஷின் கொடுப்பது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது. குளச்சல் பக்கத்தில் ஒரு மீனவருக்கு அதில் நாடி 36 என்று காட்டியிருக்கிறது. வீட்டில் அழுகை, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லி, கையில் இருந்த நகையை அடகு வைக்கிற பேச்சு வரை போய்விட்டது. ஈசிஜி எடுத்தால் துடிப்பு 72. ஒன்றுவிட்டு ஒன்று முந்திய துடிப்பு, அந்த முந்தியதெல்லாம் விரல் நுனிவரை போய்ச் சேரவில்லை, ஆக்ஸிமீட்டர் சேர்ந்ததை மட்டும் எண்ணியிருக்கிறது, சரிபாதி. அவருக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவைப்பட்டது உண்மை, ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் யாராக இருந்தாலும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 36 என்ற எண் பொய். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷினும் நாடியை இதே மாதிரிதான் எண்ணுகிறது.

பிரஷர் மெஷினில் சிலதில் இதயப் படம் ஒன்று மின்னும். நாடிகளுக்கு இடையேயுள்ள நேரம் சராசரியில் இருந்து கால் பங்குக்கு மேல் மாறினால் காட்டுகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கையை அசைத்தாலும், பேசினாலும், இருமினாலும் அது மின்னலாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும், மறுநாளும், அதற்கு மறுநாளும் மின்னிக்கொண்டே இருந்தால் ஒரு முழு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. அப்படி ஒழுங்கில்லாத நாடி உள்ளவர்களுக்குப் பிரஷர் அளவும் ஒரு தடவைக்கு ஒரு மாதிரி வரும், இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

வாட்ச் எடுப்பது ஒரே ஒரு லீடு, அதாவது இதயத்தை ஒரு கோணத்தில் இருந்து மட்டும் பார்க்கும் பதிவு, இடது கைக்கும் வலது கைக்கும் இடையே. நாங்கள் ஆஸ்பத்திரியில் எடுப்பது பன்னிரண்டு. வாட்சில் "சைனஸ் ரிதம்", அதாவது ஒழுங்கான தாளம், என்று வந்துவிட்டால் அட்டாக் இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, அட்டாக்கைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது, அதைச் செய்கிற கம்பெனிகளே அப்படித்தான் போட்டிருக்கின்றன. நெஞ்சை அமுக்குகிற வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி என்றால் வாட்சில் ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் 108-ஐ அழையுங்கள். மறுபக்கம், கூடுதல் துடிப்பு நிறைய இருந்தால் வாட்ச் குழம்பிப்போய் "முடிவு தெளிவாக இல்லை" என்றோ, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றோ காட்டிவிடுவதும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் காட்டிய சீட்டில் துடிப்பே தெரியவில்லை, ஒரே கிறுக்கல். விரலைப் பார்த்தேன், பால் காய்ந்து தோல்மேல் படிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்து எடுத்ததும் அழகாக வந்தது.

அந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மட்டும் லேசாக விடக்கூடாத விஷயம். கூடுதல் துடிப்பில் அடிப்படைத் தாளம் தெரியும், அதில் அங்கங்கே ஒன்று முந்தும். இதில் தாளமே இருக்காது, எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல் வராது, சின்ன மேடுகள் காணாமல் போய்க் கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயதானவர்களுக்கும், சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்களுக்கும் இது வரும். வாட்ச் அப்படிக் காட்டினால் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், ஒன்றிரண்டு நாளுக்குள் டாக்டரைப் பார்த்து முழு ஈசிஜி எடுத்து உறுதி செய்யுங்கள். அதோடு முகம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கை விழுகிறது என்றால் அது அந்த நிமிடமே 108.

சரி, கூடுதல் துடிப்பு எத்தனை வந்தால் பயப்பட வேண்டும்? நிமிடத்துக்கு 70 என்று வைத்தாலும் ஒரு நாளுக்கு இதயம் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டினாலும் அதில் சிலதாவது முந்தி வந்திருக்கும், ஒன்றுகூட இல்லாத சீட்டைத்தான் தேட வேண்டும். மொத்தத் துடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது நாளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கீழறையில் இருந்து முந்தினால், அது மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் நீடித்தால், சிலருக்கு இதயத் தசை தளர்ந்துபோகலாம் என்பதால் டாக்டர்கள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, தொடர்ந்து கவனிப்பார்கள். வாட்சின் 30 விநாடியில் ஒன்று வந்தது, மூன்று வந்தது என்பதை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. தோன்றும்போதுதானே நாம் எடுக்கிறோம், அதனால் வீட்டுச் சீட்டு பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். ஹோல்ட்டர் என்பது அதைக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர், அவருடைய முதல் கருவி சுமார் 38 கிலோ, முதுகில் சுமக்க வேண்டும். இப்போது சட்டைப் பைக்குள் அடங்குகிறது, அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் இன்னும் மூக்கால் அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டீச்சருக்கு டாக்டர் ஹோல்ட்டரும் எக்கோவும் பார்த்துவிட்டு மாத்திரை எதுவும் எழுதவில்லை. மகனுக்கு அதில் கோபம், "ஒண்ணுமே குடுக்காம அனுப்பிட்டாங்க" என்றான். இது பலருக்கும் உள்ள கோபம்தான், ஆனால் அந்த டாக்டர் செய்தது சரி. 1980-களில் அட்டாக் வந்து பிழைத்தவர்களுக்குக் கூடுதல் துடிப்பு வந்தால் அதை மருந்தால் அடக்கிவிடலாம் என்று நினைத்தார்கள். காஸ்ட் என்ற பெரிய ஆய்வில் என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு அடங்கியது, சீட்டு சுத்தமானது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள், 1989-ல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. சீட்டை அழகாக்குவதற்காக மருந்து கொடுக்கக் கூடாது என்று இதய டாக்டர்களுக்குப் பாடம் சொன்ன ஆய்வு அது. தொந்தரவு அதிகமாக இருந்தால் இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுப்பார்கள், அதற்கும் அடங்காமல் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால் குழாய் விட்டு அந்த மூலையைச் சுட்டுவிடும் சிகிச்சையும் உண்டு. அது சிலருக்குத்தான்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. என் சொந்தக்காரர் ஒருவருக்கு மாஸ்டர் செக்கப்பில் இரண்டே இரண்டு விபிசி. மூச்சிரைப்பு இல்லை, வலி இல்லை, எக்கோவும் நார்மல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) ஐசியுவில் படுக்க வைத்து ஆஞ்சியோ வரை பேசினார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்டார்களாம், அதற்கப்புறம்தான் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்களாம்.

வீட்டிலேயே சரி பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. தூக்கம்தான் முதலில். பால் வெட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், நைட் டியூட்டி நர்ஸுகள், இவர்களுக்குத்தான் இது அதிகம் தெரிகிறது என்பது நான் பார்த்த அளவில். சாராயம், பீடி, சிகரெட், காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, இவை எல்லாமே தூண்டும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சிலது, ஆஸ்துமா இன்ஹேலர், பிரஷருக்கு நீர் போகக் கொடுக்கும் மாத்திரை, இவையும் சேர்த்தி. நீர் மாத்திரையாலோ வயிற்றுப்போக்காலோ பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் இதயம் எரிச்சல்படும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏத்தன் பழமும் (நேந்திரன்) இளநீரும் நல்லதுதான், ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்கள் இதைக் கேட்டுவிட்டு இளநீராகக் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் கூடினால் அதுவும் ஆபத்து.

காப்பி, கட்டன் சாயா பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். 2023-ல் அமெரிக்காவில் 100 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது, ஒரு நாள் காப்பி குடி, ஒரு நாள் குடிக்காதே என்று மாற்றி மாற்றிச் சொல்லி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். மேலறையில் இருந்து முந்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கீழறையில் இருந்து வருவது காப்பி குடிக்காத நாளில் சராசரி 102, குடித்த நாளில் 154. கூடியது உண்மை, ஆனால் ஒரு லட்சத்தில் ஐம்பது. கூடவே அன்றைக்குத் தூக்கமும் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாம், எனக்கென்னவோ அதுதான் பெரிதாகப் படுகிறது. சாயாவை விட்டுப் பார்த்து உங்களுக்குக் குறைந்தால் விடுங்கள், குறையாவிட்டால் நிம்மதியாகக் குடியுங்கள்.

யார் தாமதிக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். மயங்கி விழுந்தவர்கள், அல்லது விழப் பார்த்தவர்கள். படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வருகிறவர்கள். முன்பே அட்டாக் வந்தவர்கள், வால்வுக் கோளாறு உள்ளவர்கள், எக்கோவில் பம்பிங் குறைவு என்று எழுதப்பட்டவர்கள். குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று யாராவது இறந்திருந்தால், அவர் தூக்கத்தில் போனாலும் சரி, நீந்தும்போது போனாலும் சரி, கட்டாயம் சொல்லுங்கள், நம் ஆட்கள் அதைக் கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். சீட்டில் அந்த அகலமான துடிப்பு மூன்றோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக வந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். இன்னொன்று, மாடிப்படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது கூடுதல் துடிப்பு அடங்கிவிட்டால் பெரும்பாலும் நல்ல அறிகுறி. உழைக்க உழைக்க அதிகமானால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், டிரெட்மில் போட்டுப் பார்ப்பார்கள். இப்படி வரும் எல்லாருக்கும் திருவனந்தபுரம் தேவையில்லை, முதல் ஈசிஜியைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

உங்கள் பத்திரிகை வழியாகச் சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் இருந்து நடக்கிறது, பெண்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அவர்கள் நோட்டில் பிரஷர், சுகர் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாடி ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண மெஷினே வேண்டாம். ஒழுங்கில்லை என்று வந்தவர்களை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜிக்கு அனுப்பட்டும். வாட்ச் வாங்க முடியாத வீடுகளில்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரியாமல் இருந்து பக்கவாதத்தில் வெளிப்படுகிறது. மெஷின் விற்கும் கடைக்காரர்களும் கேரண்டி கார்டோடு சேர்த்து அந்த மின்னுகிற படம் என்ன என்று தமிழில் ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

டாக்டரிடம் போகும்போது ஸ்கிரீன்ஷாட் கொண்டுபோகாதீர்கள், வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கைமாறி வந்த படத்தில் கட்டமே தெரியாது. ஆப்பில் இருந்து பிடிஎஃப் எடுத்து, பெரிதாக்காமல் சிறிதாக்காமல் பிரிண்ட் போட்டு, ஓரத்தில் தேதியும் நேரமும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன தோன்றியது என்பதையும் பேனாவால் எழுதுங்கள். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். நல்ல சீட்டாக இரண்டு மூன்று போதும். ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டைக் கொண்டுபோய், டாக்டர் முதல் மூன்றைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஈசிஜி டெக்னீஷியன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.